பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி முறையியலை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. சேலத்தில் ஒரு கல்லூரியில், முதுநிலைக் கல்வியியல் படிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த ஆண்டு முதன்முறையாக ஆராய்ச்சி முறையியல் தாள் எடுக்கப் போகிறீர்கள். வார இறுதி வகுப்பு. வருபவர்களில் பலர் உங்களைவிட வயதில் மூத்தவர்கள். புள்ளியியல் என்றதும் முகம் சுருங்குகிறது. "ஆய்வேட்டை எப்படியாவது முடிச்சுட்டா போதும் சார்" என்கிறார்கள். எந்தப் பாடத்தில் தொடங்குவது, எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்வது என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இருபது வருடம் வகுப்பறையில் நின்றவரிடம் போய், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சந்தேகப்படச் சொல்வது எப்படி? இதற்கு வழி கிடைத்தால் பாடவரிசை பெரிய பிரச்சினை இல்லை.

நான் பள்ளியில் கணக்கு எடுத்துவிட்டுப் பிறகு கல்வியியல் கல்லூரிக்கு வந்தவன். இந்தத் தாளைப் பல வருடங்களாக எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் பெரும்பாலும் ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி, ஏற்காடு பக்கத்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள். பெரிய தனியார் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் குறைவு. ஆகவே கீழே சொல்வதை உங்கள் வகுப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரையறைகளில் தொடங்காதீர்கள். 'ஆராய்ச்சி என்றால் என்ன', 'அடிப்படை ஆராய்ச்சி, பயன்பாட்டு ஆராய்ச்சி வேறுபடுத்துக' என்று ஆரம்பித்தால் அவர்கள் நிம்மதியாக நோட்ஸ் எழுதுவார்கள். நோட்ஸ் எழுதுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. அதற்குள் ஒளிந்துகொண்டால் பிறகு வெளியே இழுக்க முடியாது. முதல் வகுப்பில், ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தை ஆளுக்கொன்று சொல்லச் சொல்லுங்கள். "இந்த பேட்ச் போன பேட்ச் மாதிரி இல்ல." "ஸ்பெஷல் கிளாஸ் வெச்சா தேத்திடலாம்." "பேரன்ட்ஸுக்கு அக்கறையே இல்ல." "பொண்ணுங்கதான் ஒழுங்கா படிக்கிறாங்க." எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு கேள்விகள்: இது தவறாக இருந்தால் பள்ளியில் நம் கண்ணுக்கு என்ன தெரியும்? நாம் நினைக்கும் காரணத்தை விட்டால் வேறு எதனால் இப்படி நடந்திருக்கலாம்? என்னைக் கேட்டால் முழுத் தாளும் இந்த இரண்டாவது கேள்விக்குள் அடங்கும். கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிடுவதற்காக, புதிதாக எதையும் செய்யாமல் விடும் குழு), மாறிகள், கருதுகோள் (சோதித்துப் பார்க்க எடுத்துக்கொள்ளும் ஊகம்) எல்லாமே அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்காக ஏற்பட்ட கருவிகள்.

ஸ்பெஷல் கிளாஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எந்த பேட்ச்சிலும் இந்த அனுபவம் உள்ள ஒருவராவது இருப்பார். காலாண்டுத் தேர்வில் கடைசிப் பத்து மாணவர்களைப் பிரித்து, மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அரையாண்டில் மதிப்பெண் ஏறியது. ஏறியது உண்மை. வேறு எதனால் ஏறியிருக்கலாம் என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்: அரையாண்டு வினாத்தாள் எளிதாக இருந்திருக்கலாம், திருத்தியவர் வேறு ஆளாக இருக்கலாம், காலாண்டின்போது இரண்டு பேருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். யாரும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஒரு தேர்வில் மிகக் கீழே இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அந்தக் குழுவின் சராசரி வகுப்புச் சராசரியை நோக்கி நகரும். அவர்கள் அவ்வளவு கீழே போனதில் ஒரு பங்கு பாடம் தெரியாதது. இன்னொரு பங்கு அன்றைக்கு நேரம் சரியில்லாதது. நேரம் சரியில்லாதது அடுத்த தேர்விலும் அதே பத்துப் பேரைத் தேடி வராது. ஃப்ரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டபோது இதைத்தான் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டை, மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரம்.

இதை விரிவுரையாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். செய்ய வையுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் நடக்காத ஒரு வகுப்பின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களைப் பெயர் இல்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். காலாண்டு வரிசையில் கடைசிப் பத்துப் பேரையும் முதல் பத்துப் பேரையும் வட்டமிட்டு, அதே ஆட்களின் அரையாண்டு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வினாத்தாளும் ஒரே கடினத்தில் இருக்காது என்பதால், மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடாமல் அந்தந்தத் தேர்வின் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று கணக்கிட வேண்டும். கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் மேலே வந்திருப்பார்கள், மேலே இருந்தவர்கள் இறங்கியிருப்பார்கள். ஒருமுறை ஒரு டீச்சர் சட்டென்று, "அப்போ நல்லா படிக்கிற பசங்களுக்கு நான் என்ன சார் கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, ஆனால் அதற்குப் பிறகு கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: இந்தப் பயிற்சி முடிந்ததும் சிலர் 'அப்போ ஸ்பெஷல் கிளாஸே வீண்' என்று கிளம்பிவிடுவார்கள். அதையும் தடுக்க வேண்டும். பயன் இருக்கலாம். எவ்வளவு என்று தெரிய, ஸ்பெஷல் கிளாஸ் கிடைக்காத, அதே அளவு பின்தங்கிய இன்னொரு குழு பக்கத்தில் வேண்டும்.

அடுத்தது தலைப்பு. தலைப்பைச் சிறிதாக்க வைப்பதுதான் நமக்கு ஆகப் பெரிய வேலை. ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் 'பழங்குடி மாணவர்களின் கல்வியில் பெற்றோரின் அக்கறையின்மை: ஓர் ஆய்வு' என்று எழுதிக்கொண்டு வந்தார். விடை தலைப்பிலேயே இருக்கிறது. அப்புறம் ஆய்வு எதற்கு? வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்துவரச் சொன்னேன். மாணவர் வாரியாகப் பார்க்காமல் வாரவாரியாக எத்தனை பேர் வரவில்லை என்று ஒரு கட்டத் தாளில் புள்ளி வைத்தோம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஒழுங்காக இருந்த வருகை, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பள்ளமாக விழுந்திருந்தது. சேர்வராயன் மலையில் அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். அந்த வாரங்களில் மேல்வகுப்புப் பெண்பிள்ளைகள்தான் அதிகம் வராமல் இருந்தார்கள். அப்பா அம்மா எஸ்டேட்டுக்குப் போனால் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். "இது எனக்குத் தெரியுமே சார்" என்றார். தெரியும்தான். ஆனால் தெரிந்த அந்த விஷயத்தையும் 'அக்கறையின்மை' என்ற சொல்லையும் அவர் அதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

கடைசியில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: அறுவடை வாரங்களில் வராத பிள்ளைகள் திரும்பி வரும்போது, அந்த வாரங்களில் நடந்த கணக்குப் பாடங்களில் மட்டும் பின்தங்குகிறார்களா, இல்லை அதன்மேல் கட்டிய பாடங்களிலும் தடுமாறுகிறார்களா? ஒரே பள்ளி, சில டஜன் பிள்ளைகள். 'ரொம்பச் சின்னதா இருக்கே' என்று வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், யாராவது கேட்கத்தான் செய்வார்கள். இருக்கட்டும். இதற்கு விடை தெரிந்தால் ஜனவரியில் எந்தப் பாடத்தைத் திருப்பி எடுப்பது என்று அந்த டீச்சரால் முடிவு செய்ய முடியும். இதே இடத்தில் பதிவேடு பற்றியும் சொல்லிவிடுங்கள். அது நிர்வாகத்துக்காக எழுதப்படுவது. காலையில் இரண்டு மைல் நடந்து தாமதமாக வந்த பிள்ளையும், மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்த பிள்ளையும் அதில் ஒன்றுதான். நம் ஆய்வுக்காக யாரும் அதை எழுதவில்லை என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அளவீட்டுக்கு எனக்குப் பிடித்த பயிற்சி ஒரு கட்டுரைத் தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ஒரு தமிழ்க் கட்டுரையைப் பெயரை மறைத்து நகலெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். பக்கத்தில் பேசாமல் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அனுபவம் மிக்க ஆசிரியர்கள், ஒரே தாள், ஆனால் நான்கிலிருந்து எட்டுவரை வரும். ஒருவர் கையெழுத்துக்குக் குறைத்திருப்பார், ஒருவர் ஒற்றுப்பிழைக்கு, ஒருவர் முன்னுரை இல்லை என்று. நம்பகத்தன்மை என்ற பாடம் அங்கேயே முடிந்தது. நம்பகத்தன்மையை எண்ணாகச் சொல்லும் க்ரான்பாக் ஆல்ஃபா, 1951 என்பதெல்லாம் அப்புறம் வரட்டும். ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பதற்கு, இன்னொன்று. 'உன் பெற்றோர் உன் படிப்பில் அக்கறை காட்டுகிறார்களா?' என்று வினாநிரலில் கேட்டால், டீச்சர் எதிரில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் 'ஆம்' என்றுதான் டிக் அடிக்கும். 'நேற்று ராத்திரி வீட்டில் யாராவது உன் நோட்டைத் திறந்து பார்த்தார்களா?' என்று கேட்டுப் பாருங்கள், பதில்கள் பிரிய ஆரம்பிக்கும். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் இரவு வெகுநேரம் வேலையில் இருப்பார்கள். நோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் டியூஷன் ஃபீஸ் மாதம் தவறாமல் கட்டியிருப்பார்கள். அது அக்கறை இல்லையா? இந்த வாதத்தை வகுப்பில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள்.

புள்ளியியலுக்கு வருகிறேன். பயத்தின் காரணம் கணக்கு கடினம் என்பது மட்டுமில்லை. எதற்கு என்று தெரியாமல் சூத்திரம் வருகிறது. புள்ளிப்படம், இடைநிலை, பரவல் என்று கையால் வரைய வைத்துவிட்டு, இரண்டு குழுக்களின் சராசரி வேறுபாட்டைச் சோதிக்கும் டி-டெஸ்ட்டைக் கடைசியில் கொண்டுவாருங்கள். கணக்குப் போட ஜமோவி மாதிரி இலவச மென்பொருள் போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து 'டேட்டா அனாலிசிஸ்' செய்து வாங்கும் பழக்கத்துக்கு அதுதான் மருந்து. ஆனால் மூன்று விஷயங்களை மென்பொருள் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று, 'மாதிரி 300' என்ற மந்திரம். கேட்டால் கிரெய்சி, மார்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணையைக் காட்டுவார்கள். பெரிய மக்கள்தொகைக்கு 384 என்று அதில் இருக்கும். குலுக்கல் முறையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, ஒரு விழுக்காட்டை 5 சதவீதப் பிழைக்குள், 95 சதவீத நம்பகத்தோடு மதிப்பிடுவதற்கான எண் அது. நாம் செய்வது வேறு: தெரிந்த எச்.எம். உள்ள ஆறு பள்ளிகளுக்குப் போய், ஒரு வகுப்பில் 50 பேர் வீதம் தாளைக் கொடுத்து வாங்கி வருகிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, ஆனால் இங்கே இருப்பது ஆறு பானை. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியர், ஒரே ஊர் என்பதால் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு 0.2 என்று வைத்துக்கொண்டால் (தேர்வு மதிப்பெண்களில் இது அதிசயமில்லை), 50 பேரில் ஒன்றைக் கழித்து வரும் 49ஐ 0.2ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 10.8. முந்நூறை அதால் வகுத்தால் சுமார் 28. அதாவது 300 பேரிடம் வாங்கிய தாள், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 28 பேர் அளவுக்குத்தான் தகவல் தரும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். தூங்குபவர்கள் எழுந்துகொள்வார்கள்.

இரண்டு, 'குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது'. மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும் என்ற தலைப்பில் எத்தனை ஆய்வேடுகள் நம் நூலகங்களில் அடுக்கியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். 300 பேர் இருந்தால் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் எண்) 0.12 வந்தாலே 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது என்று மென்பொருள் சொல்லிவிடும், அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டால் இப்படி ஒரு எண் தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்புதான். 0.12ஐ வர்க்கப்படுத்தினால் 0.0144. அடைவில் உள்ள வேறுபாட்டில் ஒன்றரைச் சதவீதம்கூட இதோடு சேர்ந்து போகவில்லை. இதை வைத்துக்கொண்டு 'பள்ளிகளில் மனவெழுச்சிப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்' என்று பரிந்துரை எழுதுகிறோம். மூன்று, ஆண்/பெண், ஊரகம்/நகரம், அரசு/தனியார், தமிழ்வழி/ஆங்கிலவழி என்று இருபது டி-டெஸ்ட் போடுவது. உண்மையில் எங்குமே வேறுபாடு இல்லாவிட்டாலும், 0.05 மட்டத்தில் இருபது தனித்தனிச் சோதனை போட்டால் ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

உற்றுநோக்கலுக்கு ஒரு வாரம் போதும். சக ஆசிரியரின் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்' என்று வந்தால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். தீர்ப்பு எழுதிப் பழகிய கைக்கு இது முதலில் சிரமம்.

ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தை முயன்று பார்த்து ஆராயும் செயல் ஆராய்ச்சி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், பி.எட்.டிலேயே அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். கர்ட் லெவின் 1946இல் எழுதியதிலிருந்து தொடங்கி, அமெரிக்காவில் ஸ்டீபன் கோரி, பிறகு இங்கிலாந்தில் 1970களில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்று ஆசிரியரே ஆய்வாளர் என்ற எண்ணத்தை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். வரலாறு அவ்வளவு போதும். பணியில் இருப்பவர்களுக்கு மிகப் பொருத்தமான வடிவம் அதுதான் என்பது என் கருத்து. ஆனால் அதை வைத்து எதை முடிவாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற எல்லையைக் காட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. சுமார் 80 பள்ளிகளில், சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புக்கும், 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புக்கும் பிரித்து அனுப்பினார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் மேலாகச் செய்தார்கள். குலுக்கிப் பிரித்ததால் 'வகுப்பு சிறிதாக இருந்ததால்தான்' என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல முடிந்தது. நம் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவில் ஒரு முறையை முயன்று 'ஆ' பிரிவோடு ஒப்பிட்டால் அந்தத் தைரியம் வராது, ஏனென்றால் பிரிவு பிரித்ததே மதிப்பெண் பார்த்துப் பிரித்ததாக இருக்கலாம். 'இந்த முறை சிறந்தது என நிரூபிக்கப்பட்டது' என்ற வரியை வெட்டி, 'இந்த வகுப்பில், இந்த நிலைமையில் இப்படி நடந்தது. பிரிவுகளுக்குள் முன்பே இருந்த வேறுபாடு இவ்வளவு' என்று எழுதப் பழக்குங்கள். அதுவே பெரிய வெற்றி.

தன் மாணவர்களையே ஆய்வுக்கு எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, பாடப்புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. டீச்சர் கேட்டால் பிள்ளை 'சரி டீச்சர்' என்றுதான் சொல்லும். அது சம்மதம் ஆகாது. பெற்றோரிடம் தமிழில், ஒரு பக்கத்துக்குள், மறுத்தால் மதிப்பெண்ணில் எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். முடிந்தால் தாளை வேறொரு ஆசிரியர் கொடுத்து வாங்கட்டும். நல்லது என்று நம்பும் முறையை ஒரு பிரிவுக்கு மறுக்க மனம் வராவிட்டால், பின்தேர்வு முடிந்ததும் அடுத்த பிரிவுக்கும் அதையே நடத்தலாம். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பதும் தவறு. 'ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரே மாணவி' என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரியும். சாதி, குடும்ப வருமானம் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸில் இருக்கிறது, எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆய்வேட்டில் கொட்டக் கூடாது. பள்ளி நிர்வாகத்துக்காக நம்பிக் கொடுத்த தகவல் அது.

இனி நான் உறுதியாகச் சொல்லாதது. இந்தத் தாளை நன்றாகப் படித்தவர் நன்றாகப் பாடம் நடத்துவாரா? சிலர் மாறியதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என்னிடம் படித்தவர்கள் என்னிடம் வந்து 'ரொம்பப் பயன்பட்டது சார்' என்று சொல்வதை வைத்து முடிவு கட்டினால், மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் அது முரண். மாறியவர்கள் ஆர்வத்தோடு வந்தவர்களாக இருக்கலாம். இந்தத் தாள் இல்லாவிட்டாலும் மாறியிருக்கலாம். உயர்படிப்பு முடித்த ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டது, எம்.ஃபில். படிப்பை 2022இல் யுஜிசி கைவிட்டது. அதற்குப் பிறகும் சொந்தக் காசைப் போட்டு வருபவர்கள் கொஞ்சம் வேறு ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக நடைமுறை. ஆய்வுக்கான தரவை ஜூலையிலிருந்து நவம்பருக்குள் திரட்டச் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் அரையாண்டு, அதன்பின் ரிவிஷன் டெஸ்ட், மார்ச்சில் பொதுத்தேர்வு டியூட்டி, அப்புறம் திருத்தும் முகாம் என்று அவர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள். மலைப்பள்ளி என்றால் ஐப்பசி மழையையும் கணக்கில் வையுங்கள். சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் ஒரு பத்தி, 'என் கருதுகோள் தவறானால் எனக்கு எப்படித் தெரியும்' என்பதாக இருக்கட்டும். புத்தகம் பாடத்திட்டத்தில் இருப்பதே போதும், புதிதாக எதுவும் வாங்க வைக்காதீர்கள். பல்கலைக்கழக வினாத்தாள் இன்னும் 'வேறுபடுத்துக', 'சிறுகுறிப்பு வரைக' என்றுதான் வரும் என்பதால் கடைசி நான்கு வகுப்புகளைப் பழைய வினாத்தாள்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலை இருக்கும்வரை, ஜூலையில் நீங்கள் நீட்டும் கட்டுரைத் தாளில் அவர்கள் மனம் நிற்காது. ஆகவே அந்த நான்கு வகுப்புகள் உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.